“ஊசி உண்டா, அப்பா?”

குழந்தைகளைப் பயமுறுத்துவதற்கு நம் வீடுகளில் முன்பெல்லாம் பூச்சாண்டி ஒருவன் இருந்தான். இப்போது அந்த உத்தியோகத்தை டாக்டருக்குக் கொடுத்துவிட்டோம். “சாப்பிடுகிறாயா, அல்லது டாக்டர் மாமாவிடம் சொல்லி ஊசி போடச் சொல்லட்டுமா?” என்று ஒரு தடவையாவது கேட்காத தாய்மார் நம்மில் எத்தனை பேர்? தகப்பன்மாரும் இதில் குறைந்தவர்கள் அல்ல. இருபது வருஷமாகப் பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்து, பிறர் குழந்தைகளை வளர்க்க வேண்டிய முறையைப் பற்றிப் பெற்றோர் கூட்டங்களில் பிரசங்கமும் செய்திருக்கிற நான், என் வீட்டில், என் ஐந்து வயதுப் பெண்ணிடம், இரண்டு கவளம் ரசஞ் சாதத்துக்காக இந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். அதற்குரிய வட்டியை 2025-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் கட்டித் தீர்த்தேன். அந்த விவரத்தைத்தான் நேயர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அதற்கு முந்தின மாதம் கார்த்திகைத் தீபத்தன்று எதிர்வீட்டிலிருந்து ஒரு தட்டில் பொரி உருண்டையும் கடலை உருண்டையும் வந்தன. பாப்பா கடலை உருண்டையில் ஒரு மூலையைக் கடித்தாள். (உருண்டைக்கு மூலை ஏது என்று கேட்கக் கூடாது. குழந்தைகள் கடிக்க ஆரம்பித்தால் மூலை தானே உண்டாகிவிடும்.) வாசலில் அகல் விளக்குகளை ஏற்றி முடிப்பதற்குள் அவளுடைய உதடு வீங்கியது. கழுத்திலும் வயிற்றிலும் தடிப்புத் தடிப்பாய்க் கிளம்பிற்று. பிறகு இருமல், இருமலுக்கு நடுவே மூச்சில் ஒரு சீழ்க்கைச் சத்தம்.

“காணாக்கடிதான். பயப்படாதே” என்று சொல்லிவிட்டு என் தாயார் வெற்றிலையும் மிளகும் எடுக்க உள்ளே போனாள். என் மனைவி ஒரு வார்த்தையும் பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ நிற்கும் முனைக்கு ஓடினாள். அவள் ஓடியது எவ்வளவு நல்லதாயிற்று என்பது பிற்பாடுதான் தெரிந்தது. தெருக்கோடி டாக்டர் பார்த்தவுடனே தொடையில் ஓர் ஊசி போட்டார். அது அட்ரினலின். கால் மணி நேரத்தில் மூச்சு சீர்ப்பட்டது. அன்றிரவு முழுதும் குழந்தையை அங்கேயே வைத்திருந்து கவனித்தார்.

காணாக்கடி என்பது அருமையான தமிழ்ச் சொல். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கடித்துவிட்டது என்பது பொருள். ஆனால் கடித்தது எது என்பதை அந்தச் சொல் சொல்லாது. கடலையா, முந்திரியா, எள்ளா, அல்லது எதிர்வீட்டுத் தட்டில் ஒட்டியிருந்த வேறு எதுவோவா? “அதைக் கண்டுபிடித்துத்தான் ஆகவேண்டும். இனிமேல் ஒவ்வொரு கவளத்துக்கும் பயந்துகொண்டிருக்க முடியாது. ஆனால் இப்படி ஒரு தாக்குதல் வந்த உடனே தோலில் சோதித்தால் சரியாகத் தெரியாது. நாலு, ஆறு வாரம் கழித்துத் திருச்சிக்குப் போங்கள்” என்றார் டாக்டர். அதுவரையில் கடலை, முந்திரி வகைகள் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்றும் உத்தரவிட்டார்.

பொங்கல் கழிந்த அடுத்த வாரம் தஞ்சாவூரிலிருந்து ரயிலில் புறப்பட்டோம். என் தாயாரிடம் திருச்சியில் ஒரு கலியாணம் என்று சொல்லியிருந்தோம். உண்மையைச் சொன்னால், “பச்சைக் குழந்தைக்கு எதற்கு இந்தச் சித்திரவதை?” என்பாள், அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரம் போதாது என்று எனக்கு எண்ணம். தை மாதம், கலியாணத்துக்குக் குறைவில்லை. ஆகையால் சுலபமாக நம்பிவிட்டாள்.

வண்டி திருவெறும்பூரைத் தாண்டும்போது பாப்பா கேட்டாள்: “ஊசி உண்டா, அப்பா?”

“இல்லவே இல்லை, கண்ணே. டாக்டர் அம்மாள் சும்மா உன் கையைப் பார்ப்பார். அவ்வளவுதான்.”

இதைச் சொல்லும்போது எனக்கு மனச்சாட்சி உறுத்திற்று என்று எழுதினால் அது மூன்றாவது பொய்யாகிவிடும். உறுத்தவே இல்லை. ரயிலில் அழாமல் வந்தால் போதும் என்றுதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அந்தப் பரிசோதனையை ‘ஸ்கின் பிரிக் டெஸ்ட்’ என்கிறார்கள். தோலில் இலேசாகக் குத்திப் பார்ப்பது. முன்னங்கையின் உட்புறத்தில் பேனாவினால் வரிசையாக எண்கள் எழுதுகிறார்கள். ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டுத் திரவம் வைக்கிறார்கள். ஒன்று கடலைச் சத்து, ஒன்று முந்திரிச் சத்து, இப்படியாக. பிறகு மிகச் சிறிய ஒரு முனையினால் அந்தச் சொட்டின் ஊடே தோலின் மேற்பரப்பைத் தொட்டு எடுக்கிறார்கள். இரத்தம் வருவதில்லை. உள்ளே மருந்து ஏற்றுவதும் இல்லை. பெரியவர்களுக்கு இது ஒரு பொருட்டே அன்று. ஆனால், ‘கையைப் பார்ப்பார், அவ்வளவுதான்’ என்று நம்பி வந்த குழந்தைக்கு, தட்டில் வரிசையாக எட்டு முனைகள் பளபளக்கக் கண்டால் எப்படி இருக்கும்? பாப்பா முதலில் தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதன் பின்னர் நடந்ததை விஸ்தரிக்க எனக்கு விருப்பமில்லை. மூன்று பேர் பிடித்துக்கொண்டோம். அந்த மூன்று பேரில் நானும் ஒருவன்.

இவ்வளவும் ஆன பிறகு கால் மணி நேரம் காத்திருந்தோம். டாக்டர் அம்மாள் வந்து கையைப் பார்த்தார். புருவத்தைச் சுளித்தார். எட்டு இடங்களில் ஓரிடமாவது தடிக்கவில்லை.

“அப்படியானால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமா?” என்று ஆவலோடு கேட்டேன்.

“ஒன்றுமே தெரியவில்லை என்று அர்த்தம்” என்றார் அவர். பிறகு விளக்கினார். எட்டுச் சொட்டுகளில் ஒன்று வெறும் உப்பு நீர். அது தடிக்கக் கூடாது. மற்றொன்று ஹிஸ்டமின். ஒவ்வாமை வரும்போது நம்முடைய உடம்பே வெளியிடுகிற பொருள் அது. தடிப்புக்கும் அரிப்புக்கும் முக்கிய காரணம். ஆகையால் அந்தச் சொட்டு யாருக்கும் தடித்தே தீர வேண்டும். அதுவே தடிக்கவில்லையென்றால், ஹிஸ்டமினை அடக்குகிற மருந்து ஏதோ குழந்தையின் உடம்பில் இருக்கிறது. ஜலதோஷத்துக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற மருந்துகள் பல அந்த ரகத்தைச் சேர்ந்தவை. “ஜலதோஷ மருந்து ஏதாவது கொடுத்தீர்களா?”

“இல்லவே இல்லை” என்றேன் நான், ரயிலில் சொன்ன அதே உறுதியோடு.

என் மனைவி வெளியே போய் வீட்டுக்கு டெலிபோன் செய்தாள். “முந்தாநாளும் நேற்றும் மூக்கு ஒழுகிற்றே! ராத்திரி தூங்கட்டும் என்று ஒரு ஸ்பூன் கொடுத்தேன். கலியாண வீட்டில் குழந்தை தும்மிக்கொண்டா இருக்கும்?” என்றாளாம் என் தாயார். அவள் மேல் குற்றமில்லை. அந்த மாதிரி மருந்துகளைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று ஆஸ்பத்திரியார் கொடுத்த சீட்டில் தெளிவாக அச்சிட்டிருந்தது. நான் படித்தேன், என் மனைவியிடமும் படித்துக் காட்டினேன். குழந்தைக்கு நாள்தோறும் பாலும் மருந்தும் கொடுக்கிறவளிடம் மட்டும் கலியாணம் என்று சொல்லிவிட்டேன். எங்களையெல்லாம் காட்டிக்கொடுத்தது அந்த ஒரு சொட்டு ஹிஸ்டமின்தான்.

வெளியே வந்தபோது வயது முதிர்ந்த நர்ஸ் அம்மாள் ஒருவர் என்னை நிறுத்தினார். “குழந்தையிடம் என்ன சொல்லி அழைத்து வந்தீர்கள்?” என்று கேட்டார். சொன்னேன். “வலிக்காது என்று சொல்லாதீர்கள், சார். எவ்வளவு வலிக்கும் என்று சொல்லுங்கள். அது உங்களுக்குத் தெரியுமா?” என்றார். தெரியாது என்றேன். “கையை நீட்டுங்கள்” என்று, ஒரு சொட்டு உப்பு நீரை வைத்து, அதே மாதிரி ஒரு முனையினால் தொட்டு எடுத்தார். நாற்பத்துநாலு வயதில் நான் கற்றுக்கொண்ட பாடம் அது. நேரம் ஒரு விநாடி.

திரும்பும் வண்டியில் பாப்பா என் மடியில் உட்காரவில்லை. ஜன்னலோரமாகத் தாயாரோடு ஒட்டிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் வரையில் நான் எதைச் சொன்னாலும், “நிஜமாகவா?” என்று என் மனைவியைப் பார்த்துக் கேட்டாள். பால் ஆறிவிட்டது என்றால், நிஜமாகவா? இன்று ஞாயிற்றுக்கிழமை என்றால், நிஜமாகவா? வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என் வார்த்தையை வேதவாக்காக எழுதிக்கொள்கிறார்கள். வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை என் சொல்லுக்குச் சாட்சி கேட்கிறது!

இரண்டாவது தடவைக்கு இரண்டு வாரம் தவணை கொடுத்திருந்தார்கள். இந்தத் தடவை என் தாயாரிடமிருந்து ஆரம்பித்தேன். கலியாணப் பொய்யை ஒப்புக்கொண்டேன். ஹிஸ்டமின் சொட்டின் கதையைச் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் அந்தக் குழந்தை இரண்டு தடவை அழ வேண்டியதில்லையே, அப்பா” என்றாள். பிறகு அலமாரியிலிருந்த மருந்துப் புட்டிகள் அவ்வளவையும் திரட்டித் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அதைவிடப் பெரிய பந்தோபஸ்து எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது.

இந்த மருந்து விஷயத்தைச் சற்று விவரமாகவே சொல்லிவிடுகிறேன். செட்டிரிஸின் முதலான ஒவ்வாமை மருந்துகளைச் சாதாரணமாக ஐந்து முதல் ஏழு நாள் முன்பே நிறுத்தச் சொல்லுகிறார்கள். எந்த மருந்துக்கு எத்தனை நாள் என்பதைப் புட்டியைக் காட்டி டாக்டரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். குளோர்பெனிரமின் என்ற பெயர் ஜலதோஷ ஸிரப்புகளின் மேலுறையில் பொடி எழுத்தில் ஒளிந்துகொண்டிருக்கும். தேடிப் பார்க்க வேண்டும். அதற்காக எல்லா மருந்தையும் நிறுத்திவிடுவதும் தவறு. ஆஸ்த்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து உபயோகிக்கும் குழந்தைக்கு அதைத் தாமாக நிறுத்தவே கூடாது. அந்த நாட்களுக்குள் உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ, பரிசோதனை கெட்டுப் போகுமே என்று ஒரு கணமும் தயங்காமல் உடனே சிகிச்சை செய்ய வேண்டும். பரிசோதனையை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம். மருந்தை நிறுத்தவே முடியாத குழந்தைகளுக்கு இரத்தத்தை எடுத்துச் சோதிக்கும் வழியும் உண்டு. ஒவ்வாமை மருந்துகள் அந்தச் சோதனையைக் கெடுப்பதில்லை.

மற்றவை சில்லறை விஷயங்கள். கை சுலபமாக மேலேறும் சட்டை போடுவது, அன்று கையில் தேங்காய் எண்ணெய் தடவாமல் இருப்பது, வயிறு நிறையச் சாப்பாடு போட்டு அழைத்துப் போவது, காய்ச்சலோ இழுப்போ இருந்தால் முன்னதாகவே டெலிபோன் செய்துவிடுவது. என்ன தின்றது, தின்று எத்தனை நிமிஷத்தில் தடித்தது என்பதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை குறைந்துவிடும். தடிப்பைப் படம் பிடித்து வைத்திருந்தால் இன்னும் விசேஷம்.

குழந்தையிடம் சொல்வதுதான் பெரிய காரியம். எப்போது சொல்வது? பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வாரம் முன்பே சொல்லலாம். அவன் யோசிக்கவும் கேள்வி கேட்கவும் அவகாசம் வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு வாரம் என்பது ஒரு யுகம். இரண்டு நாள் முன்பு சொன்னால் போதும். வியாழக்கிழமை பரிசோதனை, செவ்வாய்க்கிழமை மாலை திண்ணையில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

“நாளை மறுநாள் திருச்சிக்குப் போகிறோம். அதே டாக்டர் அம்மாள். அதே சொட்டு. குத்துவார்கள். போன தடவை நான் இல்லை என்று சொன்னது பொய். அது தப்பு.”

வெகு நேரம் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “வலிக்குமா?” என்றாள்.

“வலிக்கும். எறும்பு கடிக்கிற மாதிரி.”

“கட்டெறும்பா, சிற்றெறும்பா?”

நர்ஸ் அம்மாளை மனதுக்குள் வாழ்த்தினேன். “சிற்றெறும்பு. என் கையிலும் குத்தினார்கள். எனக்குத் தெரியும்” என்றேன். “நிஜமாகவா?” என்று என்னைப் பார்த்தே கேட்டாள். அவ்வளவு நாட்களுக்குப் பிறகு என்னிடமே கேட்ட முதல் ‘நிஜமாகவா’ அது.

மறுநாள் அவளுடைய மரப்பாச்சிக்குப் பரிசோதனை நடத்தினோம். மரப்பாச்சியின் கையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினோம். மஞ்சள் நீரைச் சொட்டுச் சொட்டாக வைத்தோம். ஈர்க்குச்சி முனையால் தொட்டோம். பிறகு பாப்பா எனக்கு நடத்தினாள்; அடுத்தாற்போல் பாட்டிக்கு. பாட்டிக்குச் சற்று அழுத்தமாகவே குத்தினாள். அதில் ஏதோ பழைய கணக்குத் தீர்ந்திருக்கலாம். குத்துவதைவிடக் கடினம் அதற்குப் பின் வருவதுதான். தடிக்கிற இடம் கால் மணி, இருபது நிமிஷம் அரிக்கும், சொறியக் கூடாது. சும்மா இரு என்று சொன்னால் எந்தக் குழந்தை சும்மா இருக்கும்? ஒரு கதையின் நீளம் என்று சொன்னேன். “கதை முடிகிற வரையில் சொறியக் கூடாது, முடிந்தவுடன் துடைத்துவிடுவார்கள்.”

“கூடாது” என்று நாம் சொல்வதோடு, “உன் இஷ்டம்” என்று சொல்லவும் ஏதாவது இருக்க வேண்டும். இடது கையா வலது கையா, அப்பா மடியா அம்மா மடியா, எந்தக் கதை - இவை அவள் இஷ்டம். ஆனால் “போகலாமா, பாப்பா?” என்று கேட்கக் கூடாது. ‘வேண்டாம்’ என்று குழந்தை சொன்னால் கேட்கப் போகிறோமா? கேட்கப் போவதில்லையென்றால் அந்தக் கேள்வியும் ஒரு பொய்தான். அழலாம் என்றும் சொல்லி வைத்தேன். அழுதால் வெட்கமில்லை, கையை மட்டும் அசைக்காமல் அழ வேண்டும்.

எந்தக் கதை என்பதையும் அவளே தீர்மானித்தாள். “உன்னைக் குத்தின மாதிரி வேறு யாரையாவது குத்தியிருக்கிறார்களா?” என்றாள். அதற்கு ஒரு மெய்க்கதையே இருக்கிறது. இங்கிலாந்து தேசத்தில் மான்செஸ்டர் நகரத்தில் சார்லஸ் ப்ளாக்லி என்று ஒரு வைத்தியர் இருந்தார். புல் பூக்கும் பருவம் வந்தால் அவருக்கு ஓயாத தும்மல். காரணம் வெயிலா, தூசியா என்று பலரும் பலவிதமாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம். அவர் தம்முடைய கையிலேயே கீறி, அதில் புல்லின் மகரந்தத்தை வைத்துப் பார்த்தார். அந்த இடம் தடித்தது, அரித்தது. குற்றவாளி அகப்பட்டுக்கொண்டான்! இப்படிப்பட்ட சோதனைகளையெல்லாம் 1873-ம் வருஷம் ஒரு புத்தகமாக வெளியிட்டார். ‘அலர்ஜி’ என்ற பெயர்கூட அப்போது பிறக்கவில்லை. வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே 1906-ல்தான் கிரேக்கச் சொற்கள் இரண்டை இணைத்து அதை உண்டாக்கினார். பிர்க்கேயைப் பற்றிப் பாப்பாவுக்குச் சிரத்தையில்லை. ப்ளாக்லி அழுதாரா என்பதுதான் அவளுடைய கேள்வி.

கடலை ஏன் அவளை மட்டும் கடிக்கிறது என்றும் கேட்டாள். நம் தெரு நாய் தபால்காரரைப் பார்த்துக் குரைக்கிறதே, அப்படித்தான் என்றேன். தபால்காரர் திருடர் அல்ல. நாய் அப்படி எண்ணிவிட்டது. உன் உடம்புக்குள் இருக்கும் காவல் நாய் கடலையைத் திருடன் என்று எண்ணிக் குரைக்கிறது. எதை எதைப் பார்த்துக் குரைக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் சொட்டுச் சொட்டாகக் காட்டிப் பார்க்கிறார்கள். இன்றைய விஞ்ஞானத்துக்கு இது அவ்வளவு தூரமான உவமை அல்ல என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமையன்று பாப்பா அழுதாள். அழவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் அழுதாள். என் மடியில் என் மார்போடு மார்பாக உட்கார்ந்து, இடது கையை என் விலாப்புறமாக மேஜையின் மேல் நீட்டிக்கொண்டு, “ஒன்று, இரண்டு” என்று எண்ணிக்கொண்டே அழுதாள். எட்டு எண்ணினதும் அழுகை நின்றது. யாரும் பிடிக்கவில்லை. ப்ளாக்லி கதை இரண்டு தடவை நடந்தது. நடுவில் ஊதிவிடச் சொன்னாள். நான் காற்றில் ஊதினேன்.

இந்தத் தடவை ஹிஸ்டமின் சொட்டு ஐந்து மில்லிமீட்டர் தடித்தது. உப்பு நீர் தடிக்கவில்லை. வேர்க்கடலை ஒன்பது. வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கு மூன்று. முந்திரி, எள், பொட்டுக்கடலை, கரப்பான் இவற்றுக்கு ஒன்றுமில்லை. எள்ளுக்கு ஒன்றுமில்லை என்று கேட்டதும் என் தாயாருக்கு - அவளும் கூடவே வந்திருந்தாள் - உயிர் வந்தது. எள்ளுருண்டை இல்லாத வீட்டில் அவள் எப்படி வாழ்வது?

பாலையும் கோதுமையையும் ஏன் சோதிக்கவில்லை என்று கேட்டேன். டாக்டர் அம்மாளின் பதில் எல்லாப் பெற்றோரும் கேட்க வேண்டியது. தினந்தோறும் தின்று சுகமாக இருக்கிற பொருளைச் சோதிக்கக் கூடாதாம். தோல் தடித்தால், உடம்பு அந்தப் பொருளை அடையாளம் வைத்திருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். தின்றால் கெடுதல் வரும் என்பது அதனால் நிச்சயமாகிவிடாது. தடிப்பின் அளவும் நோயின் கடுமையைச் சொல்வதில்லை. நடந்த சம்பவமும் தடிப்பும் ஒத்துப்போனால்தான் தீர்ப்பு. கடலையில் இரண்டும் ஒத்தன. ஆகையால் கடலை விலக்கு. செக்கில் ஆட்டிய கடலெண்ணெயும் விலக்கு. அதில் கடலையின் புரதம் தங்கியிருக்கும். தூசிப் பூச்சி விஷயம் வேறு. அவளுக்குத் தும்மலோ இழுப்போ கிடையாது. ஆகவே இப்போதைக்குத் தலையணை உறையை வெந்நீரில் தோய்த்தால் போதும். காகிதத்தில் உள்ளதையெல்லாம் விலக்கிக் குழந்தையை இளைக்க வைத்துக்கொண்டு திரும்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள் என்று சொல்லி வருத்தப்பட்டார்.

உடனே புறப்பட விடவில்லை. அபூர்வமாகச் சில குழந்தைகளுக்குப் பரிசோதனையிலேயே ஒவ்வாமை கிளம்பிவிடுவது உண்டு. அதற்காக அட்ரினலினைத் தயாராக வைத்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்த்தி வைக்கிறார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் இதைச் செய்துகொள்ளக் கூடாது.

அப்படி உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து நாற்காலியில் பாப்பாவின் வயதில் ஒரு பையன் தாயாரின் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். “ஒன்றுமில்லையடா. வலிக்கவே வலிக்காது. சும்மா பார்ப்பார்கள்” என்று அந்த அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாப்பா நாற்காலியிலிருந்து இறங்கிப் போனாள். சட்டைக் கையை மேலே தள்ளி, பேனா எண்களைக் காட்டினாள்.

“வலிக்கும்” என்றாள். “சிற்றெறும்பு மாதிரி. எட்டு எறும்பு. அப்புறம் அரிக்கும். கதை முடிகிற வரையில் சொறியக் கூடாது.”

அந்தப் பையன் முந்தானையை விட்டுவிட்டு எண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தான். அவனுடைய தாயார் என்னைக் கோபமாகப் பார்த்தாள். நான் மேலே சுழலும் மின்விசிறியைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.